பதினோராம் மணி

(நம் பங்கின் பொன்விழா ஆயத்தக் கூட்டத்தில் விவிலிய வட்டத்தார் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



எங்களுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் அரை மணி. அந்த அரை மணியையும் ஒரே ஒரு சொல்லுக்காகச் செலவிட உங்களிடம் அனுமதி கேட்கிறோம். 'பதினோராம் மணி' என்பதுதான் அந்தச் சொல். பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம்; பழைய செபப் புத்தகங்களில் வாசித்திருக்கிறோம்; கடைசி நேரத்தில் ஓடி வருகிறவனைப் பார்த்துக் கேலியாகவும் சொல்லியிருக்கிறோம். ஆனால் பதினோராம் மணி என்றால் எத்தனை மணி? மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளிடம் இதைக் கேட்டுப் பார்த்தோம். சிலர் காலை பதினொன்று என்றார்கள். மற்றவர்கள் இரவு பதினொன்று என்று அடித்துச் சொன்னார்கள்; நாள் முடிவதற்குப் பன்னிரண்டு அடிக்க வேண்டும், அதற்கு ஒரு மணி முந்தியது பதினொன்றுதானே என்பது அவர்கள் வாதம். வாதம் கெட்டிக்காரத்தனமானதுதான். இருந்தாலும் விடை அது அல்ல.

விடை மாலை ஐந்து மணி.

மத்தேயு சுவிசேஷம் 20ஆம் அதிகாரத்தில் இயேசு பெருமான் சொன்ன திராட்சைத் தோட்டக் கூலியாட்களின் உவமையிலிருந்து வந்தது இந்தச் சொல். பழைய இலத்தீன் முறையில் தவக்காலத்துக்கு முந்திய செப்துவாஜெசிமா ஞாயிறன்று இதை வாசித்தார்கள். இப்போது பொதுக்காலம் 25ஆம் ஞாயிறன்று, மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, முதல் ஆண்டின் வாசகமாகக் கேட்கிறோம். நம் பிரிவினை சகோதரர்கள் வீட்டிலுள்ள பழைய வேதாகமத்தில் 'பதினோராம் மணி வேளை' என்றே இருக்கிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் அது 'ஐந்து மணி' என்று மாறிவிட்டது. கேட்கிறவருக்குச் சட்டென்று விளங்குகிறது, அது நல்லதே. ஆனால் அந்த மாற்றத்தோடு ஒரு பழமொழியின் வேரும் கண்ணுக்கு மறைந்துவிட்டது என்பது எங்கள் எண்ணம். 'ஐந்து மணி' என்று வாசித்தே வளர்ந்த பிள்ளைக்குப் 'பதினோராம் மணி' எங்கிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்?

ஆண்டவர் காலத்துப் பாலஸ்தீனத்தில் சூரியன் உதிக்கும்போது பகல் தொடங்கும், மறையும்போது முடியும். அந்தப் பகலைப் பன்னிரண்டாகப் பகுத்தார்கள். பகலுக்குப் பன்னிரண்டு மணி அல்லவா என்று ஆண்டவரே கேட்பதாக அருளப்பர் சுவிசேஷம் 11ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. உதயத்திலிருந்து எண்ணினால் மூன்றாம் மணி நம் காலை ஒன்பது. ஆறாம் மணி உச்சிப் பொழுது. ஒன்பதாம் மணி பிற்பகல் மூன்று. ஆண்டவரை மூன்றாம் மணிக்குச் சிலுவையில் அறைந்தார்கள், ஆறாம் மணி முதல் ஒன்பதாம் மணி வரை இருள் சூழ்ந்தது என்று மாற்கு எழுதுவதும் இந்தக் கணக்குப்படிதான். பெரிய வெள்ளிக்கிழமை வழிபாடு பிற்பகல் மூன்று மணிக்கு ஏன் என்று கேட்கும் பிள்ளைகளுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

இன்னொரு விநோதம். அந்த மணியின் நீளம் எப்போதும் ஒன்றாக இராது. எருசலேமில் கோடையின் மிக நீண்ட பகல் ஏறக்குறைய பதினான்கு மணி நேரம். குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகல் பத்து மணி நேரம். இரண்டையும் பன்னிரண்டாகவே பகுத்தார்கள். ஆகவே கோடையில் ஒரு 'மணி' நம் கடிகாரப்படி எழுபது நிமிடம், குளிர்காலத்தில் ஐம்பதே நிமிடம். கூலிக்காரனுக்குக் கோடையில் வேலை அதிகம், கூலி ஒன்றுதான். கடிகாரம் ஏது? நிழல்தான் கடிகாரம். நிழல் நீளாதா என்று ஏங்கும் அடிமையையும், கூலிக்குக் காத்திருக்கும் வேலையாளையும் யோபு தம் புலம்பலில் உவமையாகச் சொல்கிறார் (7ஆம் அதிகாரம்). வயலில் நின்று தம் நிழலைத் தாமே காலால் அளந்து பொழுது சொல்லிய நம் முன்னோருக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இருந்திராது.

உண்மையைச் சொன்னால், கடிகாரம் பார்த்து வளர்ந்த நமக்குத்தான் இது புதிது. நம் தாத்தா பாட்டிமார் நாழிகைக் கணக்கை உதயத்திலிருந்துதான் எண்ணினார்கள். ஒரு நாழிகைக்கு 24 நிமிடம்; பகலுக்கு முப்பது, இரவுக்கு முப்பது, ஆக நாளொன்றுக்கு அறுபது. அந்தக் கணக்கில் பதினோராம் மணி என்பது உதயாதி இருபத்தேழரை நாழிகை. அஸ்தமனத்துக்கு மிஞ்சியிருப்பது இரண்டரை நாழிகை. உவமையில் வரும் கடைசி ஆட்கள் வேலை செய்த காலம் அவ்வளவே. கிழக்கு ஆப்பிரிக்காவில் சுவாஹிலி பேசும் மக்கள் இன்றும் இப்படித்தான் மணி சொல்கிறார்கள். மாலை ஐந்து மணியை அவர்கள் மொழியில் சொன்னால், சொல்லுக்குச் சொல் 'பதினோராம் மணி' என்றே வரும். அந்த நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு இந்த உவமையை வாசிக்க எங்கள் விளக்கம் வேண்டாம்.

இங்கே 'மணி' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொஞ்சம் வழி விலகுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள். சுவிசேஷத்தின் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் 'ஹோரா'. இலத்தீனிலும் அதே. அந்தக் கிரேக்கச் சொல் சோதிட நூல்கள் வழியாக வடமொழிக்குள் வந்து, தமிழில் 'ஓரை' ஆயிற்று. குரு ஓரை, சுக்கிர ஓரை என்று பஞ்சாங்கத்தில் பார்க்கிறோமே, அதுவும் மத்தேயு எழுதிய சொல்லும் ஒரு தாய்ப் பிள்ளைகள். ஆனால் நம் மொழிபெயர்ப்பாளர்கள் 'ஓரை'யை எடுக்கவில்லை, 'மணி'யை எடுத்தார்கள். மணி என்றால் நெல்மணி, கண்மணி, செபமாலை மணி. எல்லாவற்றுக்கும் மேலாகக் கோயிலில் ஒலிக்கும் மணி. பொழுதை ஒலியால் அறிவிக்கும் வழக்கம் ஊன்றியபின் அந்த ஓசையின் பெயரே நேரத்தின் பெயராகவும் ஆயிற்று. ஐரோப்பாவிலும் நடந்தது இதுதான். ஆங்கிலத்தில் கடிகாரத்தைக் 'கிளாக்' என்கிறார்கள். அது 'கிளொக்கா' என்ற இடைக்கால இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது, பொருள் மணி. முதன்முதல் செய்யப்பட்ட இயந்திரக் கடிகாரங்கள் பலவற்றில் முகமும் இல்லை, முள்ளும் இல்லை. இங்கிலாந்தில் சாலிஸ்பரி பேராலயத்தில் 1386ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று கருதப்படும் கடிகாரம் ஒன்றுண்டு. அது மணி அடிக்கும், அவ்வளவுதான். பூசைக்கு முதல் மணி, இரண்டாம் மணி என்று எண்ணிப் புறப்படுகிற நமக்கு இதில் அதிசயம் இல்லை. ஆனால் திராட்சைத் தோட்டத்தில் எந்த மணியும் ஒலிக்கவில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பதினோராம் மணி என்பது அங்கே காதுக்கு எட்டும் ஓசை அல்ல, சாய்ந்துபோன வெயில்.

இனி உவமைக்கு வருவோம். வீட்டுத் தலைவர் விடியற்காலையில் புறப்பட்டு ஆட்களைத் தேடுகிறார். நாளொன்றுக்கு ஒரு தெனாரியம் என்று கூலி பேசி அனுப்புகிறார். மூன்றாம் மணிக்கும், ஆறாம் மணிக்கும், ஒன்பதாம் மணிக்கும் சந்தைவெளிக்குப் போய் மேலும் ஆட்களை அழைக்கிறார். கடைசியாகப் பதினோராம் மணிக்குப் போகிறார். அங்கே இன்னும் சிலர் நிற்கிறார்கள். ஏன் நாள் முழுவதும் இங்கே நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். எங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்கிறார்கள்.

அன்பர்களே, எங்கள் வட்டத்தில் நாங்கள் நெடுநேரம் தங்கிய இடம் இதுதான். பழைய மொழிபெயர்ப்பில் அவர்கள் 'சும்மா' நின்றதாக வருகிறது. தமிழில் 'சும்மா' என்றதும் சோம்பேறியின் படம் மனதில் விழுந்துவிடுகிறது. மூலத்திலுள்ள சொல் 'ஆர்கோஸ்'. 'எர்கோன்' என்றால் வேலை. முன்னாலுள்ள 'அ' இன்மையைக் காட்டும். எனவே நேர்ப் பொருள் வேலையற்றவர், வேலையில்லாதவர். சோம்பேறி என்ற பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இங்கே எது பொருந்தும் என்பதை அவர்களுடைய பதிலே முடிவு செய்துவிடுகிறது. அவர்கள் தூங்கி எழுந்து சாவகாசமாக வந்தவர்கள் என்று சுவிசேஷத்தில் எங்கும் இல்லை. நாள் முழுவதும் நின்றார்கள் என்றே கேட்கிற வீட்டுத் தலைவரும் ஒப்புக்கொள்கிறார்.

நம் ஊர்களில் காலை ஆறு மணிக்கு நாற்சந்தியில் டீக்கடை முன்னால் தூக்குச்சட்டியும் கரண்டியுமாக நிற்கிற கொத்தனார், சித்தாள்களைப் பார்த்திராதவர் இங்கு யாரும் இரார். மேஸ்திரி வருவார், திடகாத்திரமானவர்களைப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு போவார். ஒன்பது மணிக்கு மேல் நிற்கிறவர்கள் யார்? வயதானவர்கள், மெலிந்தவர்கள், அந்த ஊருக்குப் புதியவர்கள். பத்து மணிக்கு அவர்களும் கலைந்துவிடுவார்கள். உவமையில் வருகிறவர்கள் மாலை ஐந்து வரை கலையவில்லை. வெறுங்கையோடு வீடு திரும்ப மனம் வராமல் நின்றவர்களைப் போய், தாமதமாக வந்தவர்கள் என்று நாம் சொல்கிறோம்.

அப்படியானால் 'பதினோராம் மணி' என்பதற்குத் தாமதம், கடைசி நேரம் என்ற பொருள் எப்படி ஏறிற்று? இதிலே பெரியவர்களின் பங்கும் உண்டு. 590 முதல் 604 வரை திருச்சபையை ஆண்ட பாப்பரசர் அர்ச். பெரிய கிரகோரியார் இந்த உவமைக்கு ஒரு பிரசங்கம் செய்திருக்கிறார். விடியற்காலை என்பது ஆதாம் முதல் நோவே வரையிலான காலம், மூன்றாம் மணி நோவே முதல் ஆபிரகாம் வரை, ஆறாம் மணி ஆபிரகாம் முதல் மோயீசன் வரை, ஒன்பதாம் மணி மோயீசன் முதல் ஆண்டவரின் வருகை வரை, பதினோராம் மணி அதற்குப் பிந்திய இந்தக் காலம் என்று ஓர் அர்த்தம் சொன்னார். அந்தக் கணக்கில் நாம் எல்லாருமே பதினோராம் மணி ஆட்கள்தாம், ஐம்பது ஆண்டுக்கு முன் வந்த குடும்பங்கள் உட்பட. பிறகு மனித ஆயுளுக்கும் பொருத்தி, காலை என்றால் பிள்ளைப் பருவம், பதினோராம் மணி என்றால் தள்ளாத முதுமை என்று இன்னோர் அர்த்தமும் சொன்னார். சிலுவையில் தொங்கிய நல்ல கள்ளனையும் அந்தக் கடைசி மணிக்கு உதாரணமாகக் காட்டினார்.

மக்கள் மனதில் ஊன்றியது இந்த இரண்டாவது அர்த்தம். அதற்கு முன்பே, நான்காம் நூற்றாண்டில், ஞானஸ்நானத்தைச் சாகும் தறுவாய் வரை தள்ளிப்போடும் பழக்கம் பலரிடம் இருந்தது. கொன்ஸ்தாந்தீன் சக்கரவர்த்தியே 337இல் மரணப் படுக்கையில்தான் ஞானஸ்நானம் பெற்றார். தள்ளிப்போட்டு வருகிறவனுக்குப் பதினோராம் மணிக்காரன் என்ற பெயர் பொருந்திவிட்டது. ஆனால் கிரகோரியாரை முழுவதும் வாசித்தவர்கள் ஒன்றைக் கவனிப்பார்கள். எங்களை யாரும் அழைக்கவில்லை என்ற பதிலுக்கு அவர் தரும் விளக்கம்: புறவினத்தாரிடம் எந்தப் பிதாப்பிதாவும் வரவில்லை, எந்தத் தீர்க்கதரிசியும் வரவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை அவர். பிற்காலத்தவர் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டார்கள்.

கீழைத் திருச்சபையில் வேறு விதம். பொன்வாய் அருளப்பர் பெயரால் வழங்கும் பாஸ்குப் பிரசங்கம் ஒன்றை அங்கே ஒவ்வோர் உயிர்ப்புப் பெருவிழாவிலும் வாசிக்கிறார்கள். முதல் மணிக்கு வந்தவரும் பதினோராம் மணிக்கு வந்தவரும் பயமின்றிப் பந்திக்கு வரலாம் என்பது அதன் சாரம். நோன்பு இருந்தவருக்கும் இராதவருக்கும் சேர்த்தே அழைப்பு. இது எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆங்கிலத்தில் 1611ஆம் ஆண்டு வேதாகமம் வீட்டுக்கு வீடு பரவியபின் இச்சொல் ஊர்ப் பேச்சாயிற்று. இப்போது ஆங்கிலப் பத்திரிகையில் வேலைநிறுத்தம் பதினோராம் மணியில் தவிர்க்கப்பட்டது என்பார்கள். திராட்சைத் தோட்டமும் இல்லை, கூலியாளும் இல்லை, அவசரம் மட்டும் மிச்சம். பிரெஞ்சுக்காரர்களோ 'பதினோராம் மணி வேலையாள்' என்று ஆளையும் சேர்த்தே சொல்கிறார்கள். கடைசியில் வந்து மற்றவர்களோடு பலனைப் பெறுகிறவன் என்று பொருள். முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11ஆம் தேதி காலை பதினொரு மணிக்கு ஓய்ந்ததே, அந்தப் பதினோராம் மணியும் இதுவும் ஒன்றா என்று எங்களில் ஒருவர் கேட்டார். அது கடிகாரப் பதினொன்று. இதற்கும் அதற்கும் உறவில்லை.

கூலிக்கு வருவோம். தெனாரியம் என்பது அக்காலத்தில் ஓர் ஆளின் ஒரு நாள் கூலி. ஒரு தெனாரியத்துக்குப் பதினாறு சிறு காசுகள். ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கு நியாயக் கணக்குப்படி பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒன்றேகால் காசுக்குச் சற்று மேல். அந்தக் காசுக்கு என்ன கிடைக்கும்? மத்தேயு 10ஆம் அதிகாரத்திலேயே விலைப்பட்டியல் இருக்கிறது: காசுக்கு இரண்டு சிட்டுக்குருவி. ஏழைகளின் இறைச்சி அதுதான். வீட்டில் மனைவியும் மூன்று நான்கு பிள்ளைகளும் காத்திருக்க, இரண்டு குருவியோடு போய் நிற்க வேண்டும். வீட்டுத் தலைவர் ஒரு தெனாரியம் கொடுத்தது அவனுடைய ஒரு மணி உழைப்பை அளந்து அல்ல, அவன் வீட்டின் ஒரு நாளை நினைத்து என்று எங்களுக்குத் தோன்றுகிறது. ஏழையின் கூலியைச் சூரியன் மறையுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று இணைச்சட்டம் 24ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. அதையும் அவர் பிசகாமல் செய்கிறார்.

யூத ரபிகளிடமும் இதைப் போன்ற ஒரு கதை உண்டு. எருசலேம் தல்மூதில் இருக்கிறது. இளம் வயதில் இறந்த ஒரு ரபியின் அடக்கத்தில் சொல்லப்பட்டது. அரசன் ஒருவன் பல ஆட்களை அமர்த்தினான். அவர்களில் ஒருவன் இரண்டு மணி நேரமே வேலை செய்தான், ஆனால் முழுக் கூலி பெற்றான். மற்றவர்கள் முணுமுணுத்தபோது, நீங்கள் நாள் முழுக்கச் செய்ததைவிட இவன் இரண்டு மணியில் செய்தது அதிகம் என்றான் அரசன். அழகான கதைதான், துக்க வீட்டுக்கு ஏற்ற ஆறுதலும்கூட. ஆனால் ஆண்டவர் அப்படிச் சொல்லவில்லை. கடைசி ஆட்கள் கெட்டிக்காரர்கள், ஒரு மணியில் பன்னிரண்டு மணி வேலையை முடித்தார்கள் என்று சொல்லியிருந்தால் முணுமுணுப்பு அடங்கியிருக்கும். அவர் அதற்கு இடம் வைக்கவில்லை.

முணுமுணுத்தவர்களின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. விடியற்காலை முதல் வெயிலில் வாடியவர்கள் அவர்கள். தவிர, கூலி கொடுக்கிற வரிசையைப் பாருங்கள்: கடைசியில் வந்தவருக்கு முதலில். முதலில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால், பேசிய தெனாரியத்தை இடுப்பில் முடிந்துகொண்டு சந்தோஷமாக வீடு போயிருப்பார்கள், பின்னால் வந்தவருக்கு என்ன கிடைத்தது என்று தெரிந்தே இராது. வேண்டுமென்றே அவர்கள் கண்ணெதிரில் கொடுக்கிறார். அவர்கள் வாயிலிருந்து வருகிற குறையோ, எங்களுக்குக் குறைத்துவிட்டீர் என்பதல்ல, அவர்களை எங்களுக்குச் சமமாக்கிவிட்டீர் என்பதே. காசு குறையவில்லை, அந்தஸ்துதான் குறைந்தது. இந்த உவமைக்குச் சற்று முன்னால் 19ஆம் அதிகாரத்தில் அர்ச். இராயப்பர், எல்லாவற்றையும் விட்டு வந்த எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார். முதலில் வந்தவர்களின் தலைவரே அவர்தானே. அந்தக் கேள்விக்குப் பன்னிரண்டு சிம்மாசனங்கள் என்ற பதிலும் கிடைத்தது, கையோடு இந்த உவமையும் கிடைத்தது.

இந்த உவமை கோயிலுக்கு வெளியிலும் வேலை செய்திருக்கிறது. ஆங்கில அறிஞர் ஜான் ரஸ்கின் 1860இல் ஒரு மாத இதழில் பொருளாதாரத்தைப் பற்றி நான்கு கட்டுரைகள் எழுதினார். 1862இல் அவை நூலாயின. வீட்டுத் தலைவர் சொல்லும் மறுமொழியிலிருந்து ஒரு தொடரை எடுத்து நூலுக்குப் பெயராக வைத்தார். தமிழில் 'கடையனுக்கும் கடைத்தேற்றம்' என்று அதை வழங்குவார்கள். 1904இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயிலில் போகும்போது காந்தியடிகள் இதை வாசித்து, இரவு தூக்கமில்லாமல் கிடந்து, அவ்வாண்டிலேயே டர்பன் அருகே பீனிக்ஸ் குடியிருப்பைத் தொடங்கினார். அங்கே நிறமோ தேசமோ பாராமல் ஆளுக்கு மாதம் மூன்று பவுன். நூலின் சாரத்தை 1908இல் குஜராத்தியில் எழுதியபோது 'சர்வோதயம்' என்று பெயரிட்டார். காந்தியடிகளின் சர்வோதயத்துக்கு மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் ஒரு வேர் இருப்பதை நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் யாரும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை.

இவ்வளவையும் நாங்கள் தேடியதற்கு ஒரு காரணம் உண்டு. பொன்விழா மலரில் பங்குக் குடும்பங்களின் பட்டியலை எந்த வரிசையில் அச்சிடுவது என்ற பேச்சு கமிட்டியில் நடந்துகொண்டிருக்கிறது. பங்கு தொடங்கிய நாள் முதல் இருப்பவர்களை முதலில், படத்தோடு போட வேண்டும். ஆலை வேலைக்கும் சூளை வேலைக்கும் பிற்பாடு வந்தவர்களைப் 'பிற குடும்பங்கள்' என்று கடைசியில் சேர்த்தால் போதும் என்பது ஒரு கட்சி. அவர்கள் பதினோராம் மணிக்காரர்கள்தானே என்ற வார்த்தையும் அப்போது அடிபட்டது. சொன்னவர்கள் கெட்ட மனத்தோடு சொல்லவில்லை என்று நம்புகிறோம். ஓலைக் கொட்டகையில் பூசை கண்டவர்கள், தலையில் கல் சுமந்து கோயில் கட்டியவர்கள், பகலின் பாரத்தையும் வெயிலையும் உண்மையாகவே தாங்கியவர்கள் இந்தச் சபையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இல்லாத மரியாதை வேறு யாருக்கு?

ஆனால் சொல்லைப் பயன்படுத்தினால் அதன் பொருளோடு பயன்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பதினோராம் மணிக்காரன் என்றால், வர மனமில்லாமல் இருந்தவன் அல்ல. யாரும் வந்து கூப்பிடாததால் நின்றவன். சூளைப் பக்கத்தில் அன்பியம் தொடங்கி எத்தனை ஆண்டு ஆயிற்று, அதற்கு முன் அங்கே போய் அழைத்தவர் யார் என்பதை விவரம் தெரிந்த பெரியவர்கள்தாம் சொல்ல வேண்டும். அங்கிருந்து இங்கே வந்து சேர ஒன்றரை மைல் நடை. முதல் பூசைக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தே வருகிறார்கள். கோயிலில் கடைசி வரிசையில் நிற்பதால் நம்மில் பலருக்கு அவர்கள் பெயரே தெரியாது. அவர்கள் பெயர் தெரிய வேண்டும் என்பதற்கும் சேர்த்துத்தானே மலர் போடுகிறோம்?

ஆகவே கமிட்டியாரிடம் எங்கள் வட்டத்தின் தாழ்மையான விண்ணப்பம் இது. கல் சுமந்த பெரியவர்களின் கதையைத் தனிக் கட்டுரையாக, படங்களோடு, எத்தனை பக்கம் வேண்டுமானாலும் போடுங்கள். எழுதித் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். குடும்பப் பட்டியலை மட்டும் அகர வரிசையில் அச்சிடுங்கள். எந்தக் குடும்பம் எந்த ஆண்டு வந்தது என்று அறிய விரும்புகிறவர்களுக்கு அறைவீட்டில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கவே இருக்கிறது. அலுவல் நேரத்தில் வந்து பார்த்துக்கொள்ளலாம்.